சிவப்புக் கயிற்றுப் பை

ஜனவரி 6

வாலு,

இந்த ஐஸ் பெட்டி பஸ் பார்சல்ல வந்து இறங்கினதும் நீ முகத்தைத் திருப்பிக்குவேன்னு தெரியும். மூடியைத் திறந்து இந்தத் தாளை எடுத்துட்டே இல்ல, அதுவே போதும். போன் பண்ணினா நீ எடுக்கறதில்லை. எடுத்தாலும் எனக்கு உன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியாது. எழுதினா சண்டை கொஞ்சம் மெதுவா வரும்.

விஷயத்துக்கு வர்றேன். ஆலைக் கழிவால உங்க ஊர்க் கடல்ல பாதரசம் கலக்குதான்னு எங்க ஆய்வகம் பார்க்கப் போகுது. தண்ணியை மொண்டு சோதிச்சா அந்த நேரத்துக் கதை மட்டும்தான் தெரியும். ஆலைக்காரங்க ராத்திரி திறந்து விட்டுட்டு விடியறதுக்குள்ள மூடிட்டாங்கன்னா, காலையில மொண்ட தண்ணி நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். மட்டிச் சிப்பி அப்படி இல்லை. நாள் பூரா கடலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், அதுல இருக்கற பாதரசத்தை உடம்புல சேர்த்து வச்சுக்கும். அதனால சுத்தமான கடல்ல வளர்ந்த மட்டியை வலைப்பையில கட்டி, சந்தேகப்படற இடத்துல ரெண்டு மாசம் தொங்கவிட்டு, எடுத்து அரைச்சுப் பார்ப்போம்.

பெட்டியில மூணு பை இருக்கு. சிவப்புக் கயிறு கட்டினதை ஆலைக் கால்வாய் கடல்ல விழற இடத்துல தொங்கவிடு. மஞ்சள் படகுத்துறைக்கு. பச்சை வடக்குப் பாறைக்கு, அங்க ஆலைத் தண்ணி எட்டாது. கால்வாய்ப் பக்கம் எங்க ஆளுங்களை விட மாட்டேங்கறாங்க. ஆலைக் குடியிருப்புல இருக்கறவங்க போனா யாரும் கேட்கறதில்லையாம். எனக்குத் தெரிஞ்சு அங்க இருக்கறது நீ ஒருத்திதான். உன் வீட்டுக்காரர் வேண்டாம்னா பெட்டியைத் திருப்பி அனுப்பிடு.

அக்கா

ஜனவரி 11

அக்கா,

என் கல்யாணத்துக்கு நீ வரலை. பிள்ளை பிறந்தப்ப வரலை. அது நாப்பது நாள்ல போனப்ப ரெண்டு வரி எழுதினே, அதுலயும் ஒரு வரி ஆபீஸ் கடுதாசி மாதிரி இருந்துச்சு. இப்ப மட்டி வேணும்னதும் தங்கச்சி ஞாபகம் வந்துடுச்சு. கணக்கு வரலைன்னா என்னை மட்டி மட்டின்னு மண்டையில குட்டுவியே, இப்ப பார், உன் படிப்புக்கே மட்டிதான் தேவைப்படுது.

அப்புறம், உன் வீட்டுக்காரர், உன் வீட்டுக்காரர்னு எத்தனை நாளைக்கு எழுதுவே? அவர் உனக்கு மாப்பிள்ளை. அந்த ஆலையில வேலை பார்க்கறவனைக் கட்டிக்காதேன்னு நீ சொன்னே, நான் கட்டிக்கிட்டேன், முடிஞ்சுபோச்சு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து பை கட்டக் கூட வந்தவரே அவர்தான். பாதரசம் ஓடற கூடத்துலதான் அவருக்கு வேலை. இருந்தும் ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்கலை. மூணையும் நீ சொன்ன இடத்துலயே கட்டியாச்சு.

நான் எதுக்கு உடனே ஒத்துக்கிட்டேன்னு நினைக்கறே? உன் மேல இருக்கற பாசத்துலன்னு நினைச்சுடாதே. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. ரெண்டு மாசம்.

முதல் பிள்ளை விறைச்சு விறைச்சுக் கிடந்துச்சு. பால் குடிக்கத் தெரியலை. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தங்க, கர்ப்பமா இருந்தப்ப இந்தக் கடல்ல பிடிச்சது சாப்பிட்டியாம்மான்னு கேட்டாங்க. டாக்டர் வந்ததும் வாயை மூடிக்கிட்டாங்க. அன்னையில இருந்து நான் மீனும் தொடறதில்லை, மட்டியும் தொடறதில்லை. வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்கறேன்னு மாமியார் தினம் திட்டறாங்க. இந்தத் தெருவுல எல்லாரும் அதைத்தானே சாப்பிடறாங்க, உனக்கு மட்டும் என்ன வந்துச்சுங்கறாங்க. அவங்க கேட்கறதும் நியாயம்தானே?

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. சாப்பிடலாமா, வேண்டாமா. அதை மட்டும் சொல்லு.

வாலு

ஜனவரி 20

வாலு,

உன் கடிதத்தை ஆய்வக மாடிப்படியில நின்னு படிச்சேன். சந்தோஷம்னு எழுதணும். சந்தோஷம்தான். ஆனா பயமும் இருக்கு, ரெண்டையும் சேர்த்து எழுத எனக்கு வரலை. அந்த ரெண்டு வரியைப் பத்தி நீ சொன்னது சரி. பத்து தடவை எழுதிக் கிழிச்சுட்டு, கடைசியில மிஞ்சினதை அனுப்பினேன்.

முடிவு வர்ற வரைக்கும் எதையும் சாப்பிடாதே. மாமியார் எவ்வளவு திட்டினாலும் சரி.

மார்ச் நடுவுல பைகளை எடுக்கணும். இதைக் கவனமா படி. செத்த மட்டி எனக்கு ஒண்ணு கூட வேண்டாம். அழுகினது ஒண்ணு பெட்டியில வந்தா மத்ததையும் கெடுத்துடும், எல்லாம் குப்பைதான். ஒரு பைக்கு முப்பது, முப்பதும் உயிரோட இருக்கணும், குறைஞ்சா கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. மேல ஒட்டியிருக்கற பாசியைச் சுரண்டிட்டு, பை பையா ஈரத்துணியில சுத்தி அனுப்பு.

மாப்பிள்ளைகிட்ட நான் விசாரிச்சதா சொல்லு.

அக்கா

மார்ச் 15

அக்கா,

மாப்பிள்ளைன்னு எழுதிட்டே. அவர்கிட்ட அந்த வரியைக் காட்டினேன், ரெண்டு தடவை படிச்சுட்டு சட்டையை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டார். சந்தோஷமா இருந்தா அவர் அப்படித்தான்.

பெட்டியில தொண்ணூறு மட்டி இருக்கு, நல்லா எண்ணிப் பார்த்துக்கோ. சிவப்புக் கயிறு பையை எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. கால்வாய்த் தண்ணி வெந்நீரா கொதிக்குது, வாடை மூக்கைத் துளைக்குது. பாறையில வழுக்கி முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டேன். ஆனா நீ கேட்ட மாதிரியே அனுப்பியிருக்கேன். முப்பதும் உயிரோட, வாயை இறுக்க மூடிக்கிட்டு இருக்கு. உன் ஆய்வகத்துல என்னைவிட நல்லா ஒருத்தி பார்சல் கட்டிட்டான்னா காட்டு.

வயிறு தெரிய ஆரம்பிச்சுடுச்சு. இந்தப் பிள்ளை உதைக்குது. முதல் பிள்ளை இவ்வளவு உதைக்கலை. ராவும் பகலும் நான் இதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு உனக்கும் தெரியும். சீக்கிரம் எழுது.

வாலு

ஏப்ரல் 2

வாலு,

உன் வயித்துல பாலை வார்க்கறேன். மூணு பையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மூணும் வரம்புக்கு ரொம்பக் கீழ. சிவப்பும் பச்சையும் ஒண்ணா வருதேன்னு எனக்கே நம்ப முடியலை, திரும்பவும் முதல்ல இருந்து அளந்தேன். அதேதான் வந்துச்சு. ஆலையில புதுசா சுத்திகரிப்பு போட்டிருக்காங்கன்னு எங்க ஆய்வக இயக்குநர் சொன்னார், அது வேலை செய்யுது போல.

அதனால சாப்பிடு. மட்டியும் சாப்பிடு, மீனும் சாப்பிடு. அஞ்சாவது மாசம், உடம்புல தெம்பு வேணும். போனது எதனால போச்சோ, கடலால இல்லைன்னு இப்ப தைரியமா சொல்லலாம். இதை உனக்கு எழுத முடிஞ்சதே, அதுவே எனக்குப் பெரிசு.

அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஆலைக்காரங்களும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கிட்டாங்க. திரும்பவும் மூணு பை அனுப்பறேன், அதே இடத்துல கட்டிடு. ஜூலையில எடுத்தா போதும்.

அக்கா

ஜூலை 8

அக்கா,

நீ அனுப்பின அந்த ஒரு கடுதாசிக்கு அப்புறம் இந்த வீடே மாறிப்போச்சு. மாமியார் எனக்கு வேகவச்சு வேகவச்சுத் தட்டுல கொட்டறாங்க. நானும் விட்ட குறை தொட்ட குறையெல்லாம் சேர்த்துத் தின்னு தீர்க்கறேன். கன்னம் உப்பிப் போய் நீ பார்த்தா அடையாளம் தெரியாது. தெருவுல இருக்கற கர்ப்பிணிங்களும் என்னைப் பார்த்துதான் சாப்பிடறாங்க. அவ அக்காவே சோதிச்சுச் சொல்லிட்டாங்கன்னு ஒருத்தி இன்னொருத்திகிட்ட சொல்றா. உனக்கு இங்க மட்டி டாக்டர்னு பேரு.

எட்டாவது மாசம். விரல் நுனியெல்லாம் மரத்துப் போகுது, உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. முந்தாநாள் கையில இருந்த சொம்பு தானா நழுவிடுச்சு. கர்ப்பத்துல அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க.

எனக்குக் குனிய முடியலைன்னு இந்தத் தடவை உன் மாப்பிள்ளைதான் பை எடுக்கப் போனார். சிவப்புக் கயிறு பையைத் தூக்கிட்டு வந்து, இதுல நாலுதான் மூடியிருக்கு, மத்ததெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நாறுதுன்னார். அது எப்பவும் அப்படித்தான், செத்ததைக் கொட்டிட்டு வடக்குப் பாறையில நல்லதாப் பார்த்துப் பிடுங்கிப் போட்டு முப்பது ஆக்கிடுங்க, போன தடவை ஒண்ணுதான் மூடியிருந்துச்சு, நான் அப்படித்தான் பண்ணினேன்னேன். அப்ப அது கால்வாயில தொங்கின மட்டி இல்லையேன்னு முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அக்கா கேட்டது உயிரோட முப்பது, நீங்க என்ன அவளுக்கு மேல படிச்சவரான்னு கேட்டேன். பாவம், போய்ப் பிடுங்கிட்டு வந்தார்.

பிரசவத்துக்காவது வருவியா? வாயைத் திறந்து கூப்பிடறேன், பார்த்துக்கோ.

வாலு

ஜூலை 11

நிறுத்து. இதைப் படிக்கற நிமிஷத்துல இருந்து கடல்ல இருந்து வந்தது எதுவும் உன் வாய்க்குள்ள போகக் கூடாது. தட்டுல இருந்தா கொட்டிடு. உனக்கு மூணு தடவை போன் பண்ணினேன், அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் ஆள் கையில கொடுத்து அனுப்பறேன்.

மட்டி. மட்டி. ஏண்டி இப்படிப் பண்ணினே? செத்ததுதாண்டி எனக்கு வேண்டிய பதில். கால்வாய்த் தண்ணியில என்ன இருக்குன்னு அந்தச் செத்த மட்டிங்கதான் சொல்லியிருக்கும், பிழைச்சு மிஞ்சினது சொல்லியிருக்கும். நீ பாறையில இருந்து பிடுங்கிப் போட்டது ஒரு நாள் கூட அந்தத் தண்ணியைக் குடிக்காதது. எங்க வழக்கப்படி முப்பதையும் ஒண்ணா அரைச்சுத்தான் அளப்பாங்க. போன தடவை மிஞ்சின ஒண்ணுல இருந்த விஷம் அந்த நல்லதுக்குள்ள கரைஞ்சு காணாமப் போயிடுச்சு.

இந்தத் தடவை வந்ததுல ஓட்டு ஓரம் கறுத்த நாலு மட்டி தனியாத் தெரிஞ்சுது. அதை மட்டும் அளந்தேன். பச்சைப் பையைப் போல பத்து மடங்கு.

மேல உன்னைத் திட்டி எழுதியிருக்கேன். செத்தது வேண்டாம், முப்பதுக்குக் குறையக் கூடாதுன்னு எழுதினது நான். எத்தனை செத்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்காதவளும் நான். வெந்நீரா கொதிக்குதுன்னு நீ எழுதியிருந்தே, அதைப் படிச்சுட்டும் அதுல முப்பதும் பிழைச்சிருக்காதுன்னு எனக்கு உறைக்கலை. நல்ல முடிவா இருக்கணும்னு இருந்தேன், அதான்.

இப்ப ஒண்ணு செய். பிடரியில மண்டையை ஒட்டினாப்ல, ஒரு பென்சில் கனத்துக்கு முடி வெட்டி, வேர்ப் பக்கம் நூல் கட்டி அனுப்பு. முடி மாசத்துக்கு ஒரு விரல் நுனி அளவு வளரும். அந்தந்த மாசம் உடம்புல இருந்தது அந்தந்த இடத்துல இருக்கும். விரல் மரத்ததையும் சொம்பு நழுவினதையும் டாக்டர்கிட்ட சொல்லு. கர்ப்பத்தால இல்லைன்னு நான் சொன்னதா சொல்லு.

அக்கா

ஜூலை 16

அக்கா,

முடி உள்ள இருக்கு. நூல் வேர்ப் பக்கம்தான் கட்டியிருக்கு. நல்லாப் பார்த்துக்கோ, அப்புறம் இதையும் மாத்திக் கட்டிட்டேன்னு சொல்லப் போறே.

நீ எழுதினதைத்தானே செஞ்சேன். செத்தது ஒண்ணு கூட வேண்டாம், முப்பதும் உயிரோட இருக்கணும். அந்தக் கடுதாசியைத் திரும்ப எடுத்துப் படிச்சேன், வேற எந்த அர்த்தமும் எனக்குத் தெரியலை. உன் மாப்பிள்ளை கேட்டார், நான் சிரிச்சேன். உன் மேல இருந்த நம்பிக்கையில சிரிச்சேன். இப்ப அவர் என் முகத்தைப் பார்க்கறதில்லை. ராத்திரி பூரா என் வயித்துல கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, ஆலை வாசல் பலகையில உங்க அக்கா கையெழுத்தோட கடல் சுத்தம்னு அறிக்கையே ஒட்டியிருக்கேம்மான்னார்.

தெருவுல ஒவ்வொரு வீடாப் போய் சாப்பிடாதீங்கன்னு சொன்னேன். நேத்து ஒண்ணு சொல்றே இன்னைக்கு ஒண்ணு சொல்றேன்னு கதவைச் சாத்தினாங்க. மூணாவது வீட்டுக்காரிக்கு ஏழாவது மாசம். அவ மட்டும் கதவைச் சாத்தாம என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா.

மட்டின்னு ரெண்டு தடவை எழுதியிருக்கே. சின்ன வயசுல வலிக்கலை.

வாலு

ஆகஸ்ட் 3

வாலு,

முடிவு வந்துடுச்சு. உன்கிட்ட மறைக்கறதுக்கு எனக்கு இனி உரிமை இல்லை, அதனால இருக்கறதை எழுதறேன்.

உன் முடி நீளம்ங்கறதால மூணு வருஷம் தெரியுது. நுனிப் பக்கம், முதல் பிள்ளை வயித்துல இருந்த மாசங்கள்ல, அளவு ரொம்ப அதிகம். அப்புறம் நீ சாப்பிடறதை விட்ட மாசத்துல இருந்து இறங்கி இறங்கி வருது. இந்த ஜனவரி, பிப்ரவரி, மார்ச்ல சாதாரண ஆள் அளவுக்கு வந்துடுச்சு. நீயா, யாரும் சொல்லாம, பட்டினி கிடந்து கொண்டுவந்த அளவு அது. ஏப்ரல்ல இருந்து திரும்ப ஏறுது. ஒவ்வொரு மாசமும் ஏறுது. அந்த மாசம் உனக்கு வந்தது என் கடிதம்.

இயக்குநர்கிட்ட அறிக்கையைத் திரும்ப வாங்கணும்னு எழுதிக் கொடுத்தேன். பை எடுத்தது சொந்தத் தங்கச்சின்னு தெரிஞ்சா ஆய்வகத்து மானம் போயிடும், வாயை மூடிக்கோன்னார். முடியைக் காட்டினேன். ஒரு பொம்பளை முடியை வச்சு ஒரு ஆலையைக் குத்தம் சொல்ல முடியுமா, அவ எங்க என்ன தின்னாளோன்னார். அவர் சொன்னதுல ஒண்ணு நிஜம், ஒருத்தி போதாது. பல பேர் வேணும். பிறந்த குழந்தையோட முடி கிடைச்சா இன்னும் நல்லது, வயித்துல இருக்கறப்பவே முளைச்ச முடி அது, அதுல பதிஞ்சதை யாரும் மறுக்க முடியாது. இதை உனக்கு எழுதக் கை கூசுது. நான் கேட்கலை. தெரிஞ்சதைச் சொன்னேன்.

வரட்டுமான்னு கேட்கத் தைரியம் இல்லை.

அக்கா

செப்டம்பர் 1

அக்கா,

நீ கடுதாசி எழுதின மறுநாளே வலி வந்துடுச்சு. பொண்ணு. நல்ல எடைதான். பிறந்ததும் அழுதா, அழுததும் நாங்க எல்லாரும் அழுதோம். நாலஞ்சு நாள் வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் பழையபடி ஆரம்பிச்சுடுச்சு. தட்டு கீழ விழுந்தாலும் திரும்ப மாட்டேங்கறா. கையை இறுக்க மூடிக்கிட்டு விறைச்சுக்கறா. பாலை உறிஞ்சத் தெரியலை, பஞ்சுல நனைச்சு நனைச்சு வாயில விடறோம். அந்த நர்ஸ்தான் இந்தத் தடவையும் இருந்தாங்க. என்கிட்ட எதுவும் கேட்கலை, போர்வையைச் சரி பண்ணிட்டுப் போயிட்டாங்க.

பிள்ளையைப் பார்க்க தெருவே வந்துச்சு. மறுநாள் மூணாவது வீட்டுக்காரி கத்தரிக்கோலைத் தூக்கிக்கிட்டு வந்து என் முன்னால உட்கார்ந்து, எங்க வெட்டணும்னு சொல்லுன்னா. அவளுக்கு அப்புறம் ஒவ்வொருத்தியா வந்தாங்க. கதவைச் சாத்தினவளும் வந்தா. மாமியாரும் வந்து பிடரியைக் காட்டினாங்க, நானே ஊட்டி விட்டேனேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காங்க. எல்லாம் உள்ள இருக்கு, தனித்தனிக் கவர்ல, வேர்ப் பக்கம் நூல் கட்டி, யாருக்கு என்ன வயசு, எப்ப பிள்ளை பிறந்துச்சு, எல்லாம் கவர் மேல எழுதியிருக்கேன். எதையாவது மாத்தியிருக்கேனோன்னு நீ சந்தேகப்பட வேண்டாம், வெட்டறப்ப உன் மாப்பிள்ளை பக்கத்துலயே நின்னார். அவரை வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. உன் பொண்டாட்டியோட அக்காதானே கையெழுத்துப் போட்டா, இப்ப என்ன கலாட்டான்னு கேட்டாங்களாம்.

உன்னை மன்னிச்சேனான்னு நீ கேட்கலை. பாதி நேரம் உன்னைத் திட்டறேன், பாதி நேரம் என் கையையே பார்த்துக்கிட்டு இருக்கேன். அந்த மட்டியைப் பிடுங்கின கை இது.

பாப்பாவோட முடி இந்தப் பெட்டியில இல்லை. தலை நிறைய முடி, கறுப்பா, சுருட்டையா, நம்ம அம்மாவுக்கு இருந்த மாதிரி. கத்தரிக்கோலை எடுத்துட்டு ரெண்டு தடவை பக்கத்துல போனேன், என்னால ஆகலை. அவரும் மாட்டேன்னுட்டார். உனக்கு அது வேணும்னு தெரியும், அது இல்லாம உன் இயக்குநர் நம்ப மாட்டார்னும் தெரியும். அதனால நீ வா. அவளைத் தூக்கி உன் மடியில வச்சுக்கோ. விறைச்சுக்குவா, பயந்துடாதே, கொஞ்ச நேரம் முதுகைத் தடவிக் கொடுத்தா தளர்ந்துடுவா. அப்புறம் உன் கையாலயே வெட்டிக்கோ.

வாலு